கணிதக் குறிகளுக்கு எழுத்துரு இல்லை என்று லினக்ஸ் உலாவி சொல்லும்போது

கல்லூரியில் கணிதம் கற்பிப்பதோடு, துறையின் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. அங்கே இருப்பவை எல்லாம் லினக்ஸ் வகைகளான டெபியனோ உபுண்டுவோ ஓடும் கணினிகள்தான். இந்த ஆண்டுகளில் வேறெந்தக் கோளாறையும் விட அதிகமாக என்னைத் தேடி வந்தது ஒரே வகைப் புகார்: சமன்பாடுகள் உள்ள பக்கத்தைத் திறந்தால் எழுத்துரு இல்லை என்று உலாவி சொல்கிறது, அல்லது எதுவும் சொல்லாமல் கட்டங்களைக் காட்டுகிறது. ஒவ்வொரு காலத்திலும் காரணம் மாறியது, தீர்வும் மாறியது. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த உண்மை ஒன்றுதான். அந்த எச்சரிக்கை உங்கள் கணினியில் எது இல்லை என்று சொல்வதில்லை. உலாவி ஒரு பெயரைத் தேடியது, தேடிய இடத்தில் அது அகப்படவில்லை என்று மட்டுமே சொல்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், இணையத்தில் கண்ட எழுத்துருப் பொதிகளையெல்லாம் வரிசையாக நிறுவிப் பார்க்கும் வீண் வேலை மிச்சமாகும்.

பழைய கதையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. கணிதத்தை வலையில் எழுதுவதற்கான மேத்எம்எல் மொழியின் முதல் பதிப்பை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1998 ஏப்ரலில் பரிந்துரையாக வெளியிட்டது. அதை முதலில் முனைப்பாக ஏற்றுக்கொண்ட உலாவிகளில் மொசில்லாவும், அதிலிருந்து பிறந்த ஃபயர்பாக்ஸும் முன்னணியில் இருந்தன. அந்தக் காலத்து ஃபயர்பாக்ஸில் மேத்எம்எல் உள்ள பக்கத்தைத் திறந்தால் ஒரு சிறு பெட்டி எழும்பும். இந்தப் பக்கத்தின் கணிதத்தைச் சரியாகக் காட்ட சிஎம்எஸ்ஒய்10, சிஎம்இஎக்ஸ்10, மேத்1, மேத்2, மேத்4 ஆகிய எழுத்துருக்கள் வேண்டும் என்று அது கேட்கும். மாணவர்கள் அதை மூடிவிட்டுப் படிப்பார்கள்; அடுத்த பக்கத்தில் அது மறுபடியும் எழும்பும்.

இந்தப் பெயர்களில் முதலிரண்டும் கணினி அறிவியலாளர் டொனால்ட் கனூத் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளுக்காக வடிவமைத்த கம்ப்யூட்டர் மாடர்ன் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றில் கணிதக் குறிகள் இருக்கும், மற்றதில் பெரிய அடைப்புக்குறிகளும் அவற்றை நீட்டிக் கட்டுவதற்கான துண்டுகளும் இருக்கும். மேத் என்று தொடங்குபவை மேத்தமேட்டிக்கா மென்பொருளோடு வருபவை. எங்கள் கணினிகளில் டெக் முழுமையாக இருந்தது. கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துருக்கள் அதற்குள்ளேயே இருந்தன. இருந்தும் உலாவி இல்லை என்றது. டெக் தன் எழுத்துருக்களைத் தனக்கென்று ஒரு கோப்புறை மரத்தில் தனி வடிவத்தில் வைத்திருந்தது. உலாவியோ ஃபான்ட்கன்ஃபிக் என்ற பொது ஏற்பாட்டின் வழியாக மட்டுமே எழுத்துருக்களைக் கண்டது. ஒரே கணினியில் இரண்டு கிடங்குகள், ஒன்றின் சாவி மற்றதிடம் இல்லை. இந்த நிலைமை இன்றும் தீரவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கோப்பை நகலெடுத்து உலாவியின் கண்ணில் படும் இடத்தில் வைத்தாலும் போதாது என்பது அடுத்த சிக்கல். டெக் எழுத்துருக்கள், ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் நிலையான எண் தரும் யூனிகோடு தரத்துக்கு முந்தியவை. குறிகளின் எழுத்துருவில் பூஜ்யமாவது இடத்தில் கழித்தல் குறி இருக்கும். எண் 1 இருக்க வேண்டிய இடத்தில் முடிவிலிக் குறியும், 8 இருக்க வேண்டிய இடத்தில் ‘எல்லாவற்றுக்கும்’ என்று வாசிக்கும் தலைகீழ்க் குறியும் இருக்கும். யூனிகோடில் கழித்தல் குறியின் இடம் 2212. ஆகவே எந்தக் குறி எந்த எழுத்துருவில் எந்த இடத்தில் இருக்கிறது என்று எழுத்துரு ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டவணையை உலாவி வைத்திருந்தது. பெயர் ஒன்றாகவே இருந்தும் உள்ளடுக்கு வேறாக இருந்தால் தவறான குறி வந்து நிற்கும். டெபியனில் இதற்கென்று லேடெக்-எக்ஸ்எஃப்டி-ஃபான்ட்ஸ் என்ற பொதியும், பின்னர் லிக்ஸ் எழுத்துருப் பொதியும் இருந்தன. எங்கிருந்தோ பதிவிறக்கிய கோப்பைவிட அவற்றை நிறுவுவதே நல்லது என்று அப்போது நான் கற்றுக்கொண்டது இன்றும் பொருந்துகிறது: எழுத்துருவின் பெயர் அதன் உள்ளடக்கத்துக்கு உத்தரவாதம் அல்ல.

மேத்தமேட்டிக்கா எழுத்துருக்களின் உரிமம் கட்டற்ற மென்பொருள் நெறிக்கு ஒத்துவராததால் அவை டெபியனின் மையத் தொகுப்பில் சேரவில்லை. அவை இல்லாமலே எச்சரிக்கையை நிறுத்த ஒரு வழி இருந்தது. உலாவியின் உள்ளமைப்புப் பக்கத்தில் கணித எழுத்துருக்களின் பெயர்ப்பட்டியல் ஒரு வரியாக இருக்கும். அதிலிருந்து மேத் என்று தொடங்கும் மூன்றையும் நீக்கிவிட்டால் உலாவி அவற்றைத் தேடாது, கேட்கவும் செய்யாது. பலர் இதைத்தான் செய்தார்கள். எங்கள் ஆய்வகத்திலும், மற்ற இரண்டு எழுத்துருக்கள் சரியாக வேலை செய்கின்றன என்று பார்த்த பிறகு, இதையே செய்தோம். அந்த வரிசையை வலியுறுத்திச் சொல்கிறேன். எச்சரிக்கையை முதலில் அடக்கிவிட்டு, பிறகு எது வருகிறதோ வரட்டும் என்று விடுவது கணிதத்தில் ஆபத்தானது.

ஏன் ஆபத்து என்பதற்கு எங்கள் ஆய்வகத்தில் நடந்ததே சான்று. நேரியல் சமனின்மைகள் பற்றிய ஒரு பயிற்சித் தாளை, டெக் கோப்பிலிருந்து பழைய முறையில் வலைப்பக்கமாக மாற்றி வைத்திருந்தார்கள். அதை லினக்ஸில் திறந்த மாணவி, “சார், எக்ஸுக்கும் ஐந்துக்கும் நடுவில் பவுண்டு எங்கிருந்து வந்தது?” என்று கேட்டார். திரையில் பிரிட்டிஷ் நாணயக் குறி தெளிவாக நின்றது. அடுத்த வரியில் ஒரு சிறிய மேலெழுத்து மூன்று. கூட்டுத்தொகைக் குறி வர வேண்டிய இடத்தில் தலையில் வளையம் வைத்த ஓர் ஐரோப்பிய எழுத்து. உலாவி எந்த எச்சரிக்கையும் தரவில்லை.

அந்தப் பக்கம் சிம்பல் என்ற எழுத்துருவை நம்பி எழுதப்பட்டது. சிம்பலில் பவுண்டு குறியின் இடத்தில் ‘சிறியது அல்லது சமம்’ என்ற குறியும், மேலெழுத்து மூன்றின் இடத்தில் ‘பெரியது அல்லது சமம்’ என்ற குறியும் இருக்கும். பக்கத்தை எழுதியவர் உண்மையில் பவுண்டு குறியைத்தான் எழுதினார். அதைச் சிம்பல் எழுத்துருவில் காட்டு என்று சொல்லி, வாசகரின் கண்ணுக்கு அது சமனின்மையாகத் தெரியும் என்று எதிர்பார்த்தார். விண்டோஸில் அது நடந்தது. லினக்ஸில் ஃபயர்பாக்ஸ், பவுண்டு குறி என்றால் பவுண்டு குறிதான் என்று அதைக் காட்டக்கூடிய வேறோர் எழுத்துருவைத் தேடிப் பிடித்தது. தரத்தின்படி உலாவி செய்தது சரி. இப்படிப்பட்ட பக்கத்துக்கு எந்த எழுத்துருவை நிறுவினாலும் பயன் இல்லை. பக்கத்தில் உள்ள எழுத்துகளையே சரியான யூனிகோடு குறிகளாக மாற்ற வேண்டும். அந்தத் தாளில் மாற்ற வேண்டிய எழுத்துகள் சிலவே. தேடி மாற்றும் ஒரு சிறு நிரல் போதுமானதாக இருந்தது. மேலெழுத்து மூன்றை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றினேன், ஏனென்றால் சில இடங்களில் அது உண்மையாகவே கனம் என்ற பொருளில் வந்திருந்தது. கட்டம் தெரிந்தால் மாணவர் கேட்பார். தவறான குறி பொருந்தும்படி தெரிந்தால் அதையே படித்துவிட்டுப் போவார். அதனால்தான் எச்சரிக்கை தரும் உலாவியை நான் என்றும் குறை சொல்வதில்லை.

2008இல் வந்த ஃபயர்பாக்ஸ் 3 ஸ்டிக்ஸ் எழுத்துருக்களை முதன்மையாகத் தேடத் தொடங்கியது. அமெரிக்கக் கணிதச் சங்கம், அமெரிக்க இயற்பியல் சங்கம், ஐஇஇஇ, எல்செவியர் போன்ற அறிவியல் பதிப்பாளர்கள் சேர்ந்து நீண்ட காலம் உழைத்து உருவாக்கிய தொகுப்பு அது, 1.0 பதிப்பு 2010இல் வெளிவந்தது. யூனிகோடு அடிப்படையில் அமைந்ததால் இடக்குழப்பம் பெருமளவு தீர்ந்தது. ஆனால் பெயர்க்குழப்பம் புதிதாக வந்தது. முதலில் ஸ்டிக்ஸ்ஜெனரல் என்ற பெயர். அடுத்த பதிப்பில் ஸ்டிக்ஸ், ஸ்டிக்ஸ் மேத் என்ற பெயர்கள். 2016இல் வந்த புதிய தலைமுறையில் ஸ்டிக்ஸ் டூ மேத். பழைய பக்கமொன்று ஸ்டிக்ஸ்ஜெனரலைப் பெயர்சொல்லிக் கேட்டால், ஸ்டிக்ஸ் டூ மேத் மட்டும் உள்ள கணினியில் அந்தப் பெயர் கிடைக்காது. பொதியை நிறுவிவிட்டேனே, இன்னும் ஏன் வரவில்லை என்று கேட்பவர்களிடம், பக்கத்தின் நடைத்தாளில் (சிஎஸ்எஸ்) எந்தப் பெயர் எழுதியிருக்கிறது என்று பார்க்கச் சொல்வேன். அந்தப் பெயரையும் நிறுவிய எழுத்துருவின் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதிச் சிக்கல்கள் அவிழ்ந்துவிடும்.

இதே காலத்தில், வலைப்பக்கத்தில் கணிதத்தைக் காட்டும் ஜேஎஸ்மேத் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரலும் புழக்கத்தில் இருந்தது. சேஜ் என்ற கணித மென்பொருளின் நோட்டுப்புத்தகமும் அதைப் பயன்படுத்தியது. டெக் எழுத்துருக்கள் கிடைக்கவில்லை, படவடிவ எழுத்துருக்களைப் பயன்படுத்துகிறேன் என்று அது பக்கத்தின் தலையில் ஒரு குறிப்பு வைக்கும். டெபியனில் அதற்குரிய எழுத்துருப் பொதியை நிறுவினால் குறிப்பு மறையும், அச்சும் தெளிவாக வரும். ஜேஎஸ்மேத்தின் இடத்தை மேத்ஜாக்ஸ் எடுத்துக்கொண்டதால் இதை மேலும் விரிக்கத் தேவையில்லை.

கணித எழுத்துரு என்பதன் பொருளையே மாற்றியது ஓப்பன்டைப் வடிவத்தில் வந்த மேத் அட்டவணை. மைக்ரோசாஃப்ட் தன் ஆஃபீஸ் 2007க்காக கேம்ப்ரியா மேத் எழுத்துருவோடு இதைக் கொண்டுவந்தது. ஃபயர்பாக்ஸ் 2014இல் வந்த 31ஆம் பதிப்பிலிருந்து இதைப் படிக்கிறது. கணிதக் குறி ஒரு எழுத்துருவில் இருக்கிறது என்பது வேறு, அந்த எழுத்துருவுக்குக் கணிதம் தெரியும் என்பது வேறு. பின்னக்கோடு எவ்வளவு தடிமனாக, எந்த உயரத்தில் வர வேண்டும், அடுக்கு எவ்வளவு மேலே ஏற வேண்டும், அடைப்புக்குறி பெரிதானால் எந்தப் பெரிய வடிவத்தை எடுக்க வேண்டும், அதையும் தாண்டினால் எந்தத் துண்டுகளை ஒட்டி நீட்ட வேண்டும் என்ற விவரங்கள் எல்லாம் அந்த அட்டவணையில் இருக்கின்றன. சாதாரண எழுத்துருக்கள் சிலவற்றில் கூட்டுத்தொகைக் குறி, தொகையீட்டுக் குறி எல்லாம் உண்டு. மேத் அட்டவணை இல்லை. லத்தீன் மாடர்ன் மேத், ஸ்டிக்ஸ் டூ மேத், காலித் ஹோஸ்னி உருவாக்கிய எக்ஸ்ஐடிஎஸ் மேத், லிபெர்டினஸ் மேத், டேஜாவூ மேத் டெக் கைர் ஆகியவற்றில் உண்டு.

இந்த அட்டவணை இல்லாதபோது பக்கம் எப்படித் தெரியும் என்பதை அறிந்து வைத்துக்கொள்வது மிகவும் பயன்படும், ஏனென்றால் அப்போது கட்டமோ எச்சரிக்கையோ வராது. மூன்று வரிசை உள்ள அணியைப் பாருங்கள்: இருபுறமும் உள்ள அடைப்புக்குறிகள் நடுவரிசையின் உயரத்துக்கு மட்டும் குட்டையாக நிற்கும், அல்லது அசிங்கமாக இழுக்கப்பட்டுத் தடித்திருக்கும். வர்க்கமூலத்தைப் பாருங்கள்: கொக்கி போன்ற பகுதி சிறிதாக ஓரிடத்தில் நிற்க, மேற்கோடு அதோடு சேராமல் சற்று விலகியோ மேலேறியோ இருக்கும். தொகையீட்டின் எல்லைகள் குறியின் மேல் ஏறி உட்காரும். குறிகள் எல்லாம் இருக்கின்றன, அமைப்பு மட்டும் கெட்டிருக்கிறது என்றால், வேண்டியது மேத் அட்டவணை உள்ள ஒரே ஓர் எழுத்துருதான். பத்துப் பொதிகள் அல்ல. டெபியனிலும் உபுண்டுவிலும் லத்தீன் மாடர்ன் எழுத்துருவுக்கான ஃபான்ட்ஸ்-எல்மாடர்ன் பொதி இதைத் தருகிறது. ஃபெடோராவிலும் ஓப்பன்சூசேயிலும் டெக்லைவ்-எல்எம்-மேத் என்ற பொதியைத் தேடுங்கள். ஆர்ச்சில் ஓடிஎஃப்-லத்தீன்மாடர்ன்-மேத்.

மாறாகக் கட்டம் தெரிந்தால் அது வேறு கதை. ஃபயர்பாக்ஸ் வெறுங்கட்டம் போடுவதில்லை. அதற்குள் அந்தக் குறியின் யூனிகோடு எண்ணைச் சிறிய எழுத்தில் எழுதிக் காட்டும். இது எவ்வளவு உதவி என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பக்கத்தை நன்றாகப் பெரிதாக்கி அந்த எண்ணைப் படியுங்கள். 2211 என்றிருந்தால் கூட்டுத்தொகைக் குறி. டெர்மினலில் எஃப்சி-லிஸ்ட் கட்டளைக்கு அருகில் ஒரு முக்காற்புள்ளி இட்டு, சார்செட் என்று எழுதி, சமக் குறி இட்டு, அந்த எண்ணைத் தந்தால், அக்குறியைக் கொண்ட எழுத்துருக்கள் எல்லாம் வரிசையாக வரும். எதுவும் வரவில்லை என்றால் உண்மையாகவே எழுத்துரு இல்லை. கட்டத்துக்குள் ஆறு இலக்கங்கள் இரண்டு வரியாக இருந்து, 01டி என்று தொடங்கினால், அது கணிதத்துக்கென்று யூனிகோடு 2001இல் ஒதுக்கிய எழுத்துப் பகுதி: சாய்ந்த எக்ஸ், தடித்த ஆர், கையெழுத்து வடிவ கே போன்றவை அங்கேதான் இருக்கின்றன. சாதாரண எழுத்துருக்கள் பலவற்றில் இந்தப் பகுதி இருக்காது. சமன்பாட்டில் மாறிகள் மட்டும் கட்டமாகி, எண்களும் கூட்டல் கழித்தல் குறிகளும் ஒழுங்காக இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே.

எஃப்சி-லிஸ்ட் போலவே எஃப்சி-மேட்ச் என்ற கட்டளையும் உண்டு. இது கேட்ட பெயருக்கு எந்த எழுத்துரு கிடைக்கும் என்று சொல்கிறது. இதைச் சோதனைக்குப் பயன்படுத்தும்போது விழிப்பாக இருக்க வேண்டும், ஏனென்றால் இது ஒருபோதும் ‘இல்லை’ என்று சொல்லாது. லத்தீன் மாடர்ன் மேத் என்று கேட்டால், அது இல்லாத கணினியிலும் ஏதோ ஒரு பதில் வரும், பெரும்பாலும் டேஜாவூ சான்ஸ். பதில் வந்ததே என்று நினைக்காமல், வந்த பெயரும் கேட்ட பெயரும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். மன்றங்களில் உதவி கேட்பவர்கள் எஃப்சி-மேட்ச் வெற்றி பெற்றதாக எழுதியிருப்பதை அடிக்கடி காண்கிறேன். அங்கே ஒட்டியிருக்கும் விடையிலேயே வேறு எழுத்துருவின் பெயர் இருக்கும்.

இவை இரண்டும் கணினியிடம் கேட்பவை. உலாவியிடமே கேட்பது இன்னும் நேரடியானது, நான் இப்போது முதலில் செய்வதும் அதுதான். ஃபயர்பாக்ஸில் சமன்பாட்டின் மேல் வலச்சொடுக்கி ஆய்வுக் கருவியைத் திறந்தால், ஒரு பக்கத்தில் எழுத்துருக்கள் என்ற தாவல் இருக்கும். அந்த உறுப்புக்கு உண்மையில் எந்த எழுத்துரு பயன்பட்டது என்பதை அது பெயரோடு காட்டும். குரோமில் கணக்கிட்ட மதிப்புகள் உள்ள தாவலின் அடியில் இதே தகவல் கிடைக்கும். அங்கே கணித எழுத்துருவின் பெயர் இருந்து அமைப்பும் சரியாக இருந்தால், கோளாறு எழுத்துருவில் இல்லை. பக்கம் எழுதப்பட்ட குறியீட்டைப் பாருங்கள். எழுத்துருத் தாவலில் வேறு பெயர் இருந்தால், ஃபயர்பாக்ஸின் எழுத்துரு அமைப்புகளில் மேம்பட்டவை என்ற பகுதிக்குச் சென்று, மொழிப் பட்டியலில் கணிதம் என்ற பிரிவைத் தேர்ந்து, அங்கே நிறுவிய கணித எழுத்துருவைக் குறிப்பிடலாம். மொழிகளின் வரிசையில் கணிதமும் ஒன்றாக இருப்பது பலருக்குத் தெரியாது.

மேத்ஜாக்ஸ் வந்த பிறகு வாசகர் எழுத்துரு நிறுவ வேண்டிய தேவை குறைந்தது. அது தன் எழுத்துருக்களை வலையிலிருந்து தானே கொண்டுவரும். ஆனால் எச்சரிக்கை ஒழியவில்லை, இடம் மாறியது. சரியான எழுத்துரு கிடைக்கவில்லை என்று திரையின் இடப்பக்க அடியில் ஒரு சாம்பல் நிறப் பட்டையில் மேத்ஜாக்ஸ் 2 சொல்லும்போது, லினக்ஸில் எந்தப் பொதியை நிறுவுவது என்று தேடுவதற்கு முன், அந்த எழுத்துருக் கோப்பு உலாவிக்கு வந்து சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். விளம்பரத் தடுப்பான்களிலும் நோஸ்கிரிப்ட் என்ற உலாவி நீட்சியிலும் வெளி எழுத்துருக்களைத் தடுக்கும் வசதி உண்டு. பக்கங்கள் தங்கள் எழுத்துருவைத் தேர்ந்துகொள்ளலாம் என்ற அனுமதியை ஃபயர்பாக்ஸில் நீக்கி வைத்திருப்பவர்களும் உண்டு. தமிழ்ப் பக்கங்களைத் தனக்குப் பிடித்த எழுத்துருவிலேயே படிக்க விரும்பும் ஆசிரியர் ஒருவரின் கணினியில் கணிதம் முழுவதும் குலைந்ததற்கு அதுவே காரணமாக இருந்தது. எழுத்துருக் கோப்பு வேறு தளத்திலிருந்து வந்தால், அந்தத் தளத்தின் சேவையகம் அதற்கு வெளிப்படையாக அனுமதி தர வேண்டும். தராவிட்டால் உலாவி அதை மறுக்கும். உலாவியின் கன்சோலில் இது சிவப்பு வரியாக எழுதியிருக்கும்.

மேத்ஜாக்ஸ் தன் சொந்த விநியோகச் சேவையகத்தை 2017 ஏப்ரல் 30 அன்று நிறுத்தியது. அதைச் சுட்டி எழுதிய பழைய குறிப்புகள் ஏராளம். இணையம் விட்டுவிட்டு வரும் ஆய்வகத்தில் இதற்குத் தீர்வாக மேத்ஜாக்ஸை முழுதாகப் பதிவிறக்கி, குறிப்புகளோடு ஒரே கோப்புறையில் வைப்பது இயல்பானது. ஆனால் 2019இல் வந்த ஃபயர்பாக்ஸ் 68 முதல், வன்தட்டிலிருந்து நேராகத் திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் தனித் தளம் போலவே உலாவி நடத்துகிறது. பக்கத்துக் கோப்புறையில் இருக்கும் எழுத்துருவும் அந்நியமாகிவிடுகிறது. பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம் அது, நியாயமானதும்கூட. அந்தப் பாதுகாப்பை நீக்கும்படி சில இடங்களில் அறிவுரை சொல்கிறார்கள். மாணவர்கள் பயன்படுத்தும் கணினியில் அதைச் செய்ய வேண்டாம். பைத்தானோடு வரும் சிறிய வலைச்சேவையகத்தை அந்தக் கோப்புறையிலிருந்து ஓட்டி, உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் முகவரியைத் திறந்தால் எல்லாம் ஒழுங்காக வரும். ஆய்வகத்தில் ஒரே ஒரு கணினியில் இதை ஓட்டினால் மற்றக் கணினிகளுக்கும் அதுவே போதும். எழுத்துருவே வேண்டாம் என்றால் மேத்ஜாக்ஸை எஸ்விஜி வெளியீட்டுக்கு மாற்றலாம். அப்போது குறிகள் கோடுகளாக வரையப்படுவதால் எழுத்துருக் கோப்பு எதுவும் தேவைப்படாது.

அண்மைக் காலத்தில் அதிகம் குழப்புவது ஸ்னாப், ஃபிளாட்பேக் என்ற புதிய பொதி வடிவங்கள்தான். உபுண்டு 21.10 முதல் ஃபயர்பாக்ஸ் இயல்பாகவே ஸ்னாப் வடிவில் வருகிறது. அது அடைக்கப்பட்ட சூழலில் ஓடுகிறது. கணினியின் கோப்புகள் அனைத்தும் அதற்குத் தெரிவதில்லை. யூஎஸ்ஆர் கோப்புறைக்குள் ஷேர், அதற்குள் ஃபான்ட்ஸ் என்ற வழக்கமான இடத்தில் இருக்கும் எழுத்துருக்கள் அதற்குத் தெரியும். ஆனால் அந்த இடத்தில் எழுத்துருக் கோப்புக்குப் பதில் வேறெங்கோ இருக்கும் கோப்பைச் சுட்டும் குறியீட்டு இணைப்பு மட்டும் இருந்தால், அடைப்புக்குள்ளிருந்து பார்க்கும்போது அந்த இணைப்பு எங்கும் போய்ச் சேராது. டெக்கின் முழுத் தொகுப்பான டெக் லைவை நேரடியாக நிறுவி, அதன் எழுத்துருக் கோப்புறைக்கு இணைப்புப் போட்டு வைத்தவர்களுக்கு இதுதான் நேர்கிறது. டெர்மினலில் எஃப்சி-லிஸ்ட் எழுத்துருவைக் காட்டும், லிப்ரே ஆஃபீஸ் காட்டும், உலாவி மட்டும் காணாது.

இதை ஊகிக்க வேண்டியதில்லை, உள்ளே போய்ப் பார்க்கலாம். ஸ்னாப்பில் ஃபயர்பாக்ஸின் சூழலுக்குள் ஒரு ஷெல்லைத் திறக்க ‘ஸ்னாப் ரன்’ கட்டளையில் வழி உண்டு. ஃபிளாட்பேக்கில் ஃபயர்பாக்ஸுக்குப் பதிலாக எஃப்சி-லிஸ்ட்டையே உள்ளே ஓட்டச் சொல்லலாம். வெளியே கிடைத்த பட்டியலையும் உள்ளே கிடைத்த பட்டியலையும் ஒப்பிட்டால் விடுபட்டது எது என்று உடனே தெரியும். தீர்வு எளியது: இணைப்பு வேண்டாம், கணித எழுத்துருவின் ஓடிஎஃப் கோப்பையே நகலெடுத்து, வீட்டுக் கோப்புறையில் டாட்-லோக்கல், ஷேர், ஃபான்ட்ஸ் என்ற வரிசையில் உள்ள இடத்தில் வையுங்கள். பலர் பகிரும் கணினி என்றால் யூஎஸ்ஆர், லோக்கல், ஷேர், ஃபான்ட்ஸ் என்ற இடம் பொருத்தம். அங்கே வைத்த கோப்பையும் கோப்புறையையும் எல்லோரும் படிக்கலாம் என்ற அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். நிர்வாகியாக நகலெடுத்த கோப்பு நிர்வாகிக்கு மட்டும் தெரிவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. பிறகு எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கும் எஃப்சி-கேஷ் கட்டளையை ஓட்டி, உலாவியை முழுதாக மூடித் திறக்க வேண்டும். தாவலைப் புதுப்பிப்பது போதாது. அடைப்பில்லாத உலாவி என்றால் டெக் லைவ் தன்னோடு தரும் ஃபான்ட்கன்ஃபிக் அமைப்புக் கோப்பை இட்சி கோப்புறையின் ஃபான்ட்ஸ் அமைப்புகளில் சேர்த்தாலே போதும், நகல் தேவையில்லை.

சோதனையைத் தனிப்பட்ட சாளரத்தில் செய்யாதீர்கள். தளங்கள் எழுத்துருப் பட்டியலைக் கொண்டு வாசகரை அடையாளம் காண்பதைத் தடுக்க, 2023இல் வந்த ஃபயர்பாக்ஸ் 118 முதல் அந்தச் சாளரத்தில் தளங்களுக்குத் தெரியும் எழுத்துருக்கள் குறைக்கப்பட்டுள்ளன. நீங்களே நிறுவியது அங்கே தெரியாமல் போகலாம்.

குரோமின் நிலை வேறு. 2013இல் 24ஆம் பதிப்பில் மேத்எம்எல் வந்து அடுத்த பதிப்பிலேயே நீக்கப்பட்டது. பின்னர் இகாலியா நிறுவனத்தின் பொறியாளர்கள் உழைத்து, 2023 ஜனவரியில் 109ஆம் பதிப்பில் மேத்எம்எல் கோர் என்ற வரையறையின்படி அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த செய்தி. படமாக வைத்த சமன்பாட்டைப் பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பான் படிக்க முடியாது. மேத்எம்எல்லை லினக்ஸின் ஓர்க்கா படிக்கும். அந்தக் காரணத்துக்காகவே, எழுத்துருத் தொல்லையைக் கண்டு சமன்பாடுகளைப் படங்களாக மாற்றிவிடலாம் என்ற யோசனை எழும்போதெல்லாம் நான் எதிர்த்து வந்திருக்கிறேன். குரோமுக்கும் மேத் அட்டவணை உள்ள எழுத்துரு வேண்டும். பழைய நினைவில் குரோமுக்கு மேத்எம்எல் தெரியாது என்று எண்ணி விட்டுவிடாமல், மேலே சொன்ன குட்டை அடைப்புக்குறி அறிகுறிகளை அங்கேயும் பாருங்கள்.

பக்கத்தை எழுதுவது நீங்களே என்றால், இந்தச் சுமையை வாசகர் தலையில் வைக்காமல் இருக்க முடியும். லத்தீன் மாடர்ன் மேத்தும் ஸ்டிக்ஸ் டூ மேத்தும் பகிர அனுமதிக்கும் உரிமங்களில் கிடைக்கின்றன. வலைக்கான வோஃப்2 வடிவில் சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கும் அந்தக் கோப்பை உங்கள் பக்கத்தோடு, உங்கள் சேவையகத்திலேயே வைத்து, நடைத்தாளில் கணித உறுப்புக்கு அதை முதல் பெயராகவும், மேத் என்ற பொதுப்பெயரைக் கடைசியாகவும் எழுதுங்கள். எங்கள் துறையின் குறிப்புகளை இப்படி மாற்றிய பிறகு, அவற்றைப் பற்றி எழுத்துருப் புகார் வருவது நின்றது.

தமிழில் கணிதம் எழுதுபவர்கள் இதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ‘பரப்பளவு’, ‘எனில்’ போன்ற சொற்கள் சமன்பாட்டுக்குள் வரும்போது, கணித எழுத்துருவில் தமிழ் இல்லாததால் உலாவி தானாக ஒரு தமிழ் எழுத்துருவைத் தேடும். கணினிக்குக் கணினி அது மாறும், சொல்லின் உயரமும் தடிமனும் பக்கத்தின் மற்ற உரையோடு பொருந்தாமல் நிற்கும். மேத்எம்எல்லில் உரைக்கான உறுப்புக்குப் பக்கத்தின் தமிழ் எழுத்துருவை நடைத்தாளில் தனியாகக் குறிப்பிடுங்கள். மேத்ஜாக்ஸில் உரைப்பகுதி சுற்றியுள்ள எழுத்துருவையே எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லும் அமைப்பு உண்டு; இயல்பாக அது அணைந்திருக்கும், அதை இயக்கி வையுங்கள்.